பதினேழாம் குடும்பம், மூன்றாம் ஆள்

4 ஜனவரி

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கட்டளைப்படி எழுதுகிறேன். தொலைபேசியில் நான் "ம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று நீ கோபித்துக்கொண்டு வைத்த பிறகு, அன்றைய பேச்சை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பதினான்கு "ம்" தேறியது. இரண்டு இடத்தில் "சரி" என்றும் சொல்லியிருக்கிறேன், அதற்கு உன் அண்ணி சாட்சி. ஆனாலும் உன் கோபம் நியாயம்தான். இனிமேல் கடிதம் என்று நீ விதித்தது எனக்கும் வசதி. எழுதியதை அனுப்பும் முன் இரண்டு முறை படித்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கல். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் "தோல், களிம்பு" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கிறேனே தவிர ஒழுங்காகச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றவனைத் திரும்பக் கூப்பிட்டுத் திங்கள், புதன், வெள்ளி வரச் சொல்லியிருக்கிறார்கள். களிம்பு கெட்டுப்போகாமல் இருக்க அதில் ஒரு பதப்பொருள் சேர்ப்பார்கள். அது தோலோடு நிற்கிறதா, தோலைத் தாண்டி உள்ளே போகிறதா, போனால் மணிக்கு எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. சிறிய கண்ணாடிக் கலம், மேலும் கீழுமாக இரண்டு அறை. நடுவே பன்றிக் காதிலிருந்து சீவிய தோல். மேலே களிம்பு. கீழே உடம்புச் சூட்டில் உப்பு நீர். கலத்தின் விலாவிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று மேலே நீண்டிருக்கும். அதன் வழியாக மணிக்கு ஒருமுறை கொஞ்சம் உப்பு நீரை உறிஞ்சி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்பேன். பதப்பொருள் இறங்கியிருந்தால் வரைபடத்தில் ஒரு முகடு எழும்.

பன்னிரண்டு கலங்களில் இரண்டில் மட்டும் பதப்பொருளே சேர்க்காத களிம்பை வைப்போம். வெற்றுக் கலம் என்று பெயர். அதில் எதுவும் எழக் கூடாது. எழுகிறது. பதப்பொருள் எழும் அதே ஆறு நிமிடம் நாற்பது விநாடியில், எறும்புப் புற்று அளவில், ஆனால் தவறாமல் எழுகிறது.

செவ்வாய், வியாழன், சனி இதே வேலையைச் செய்யும் கண்ணாடியம்மாவுக்கு (மற்ற நாளில் பக்கத்து மேசையில் வேறு வேலை; தடித்த மூக்குக்கண்ணாடி, அதனால் அந்தப் பெயர், என்னைச் "சொட்டு சார்" என்கிறார்கள்) எழுவதில்லை. நான் தண்ணீரை மாற்றினேன். உப்பை மாற்றினேன். கையுறைப் பெட்டியை மாற்றினேன். கண்ணாடியம்மா கலம் கழுவும் சோப்பைக்கூட மாற்றச் சொன்னேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இந்தக் களிம்பு குழந்தைகளுக்குப் பூசுவதற்கானது. மார்ச் இறுதியில் எங்கள் தலைவர் அறிக்கை அனுப்ப வேண்டும். வெற்றுக் கலம் சுத்தமாக இல்லாமல் நான் அளந்த எந்த அளவையும் நம்ப முடியாது. எங்கே தவறுகிறேன் என்று தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
அண்ணன்


11 ஜனவரி

அண்ணா,

பதினான்கு "ம்"-மை எண்ணிய ஒரே மனிதன் உலகத்தில் நீதான். கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை ஒரே மூச்சில் வந்து நான் பார்த்ததே இல்லை. தபால்காரருக்கு என் நன்றி.

உன் சிக்கலுக்கு முதலில் வருகிறேன். தண்ணீர், உப்பு, சோப்பு எல்லாம் மாற்றினாய். ஆளை மாற்றினாயா? நீயும் கண்ணாடியம்மாவும் கிழமைகளை மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை நீ போ. முகடு திங்கட்கிழமையிலேயே தங்கினால் கட்டடத்தில் கோளாறு. உன் பின்னாலேயே செவ்வாய்க்கிழமைக்கு வந்தால் கோளாறு உன்னிடம். இவ்வளவுதான். இதைச் செய்யாமல் அந்த அம்மாவின் சோப்பைப் பிடுங்கியிருக்கிறாய்.

இப்போது என் சேதி. உட்கார்ந்துகொண்டு படி.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். உடம்பின் காவல் படை சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய்களில் எங்களுடையது வெண்புள்ளி. நாற்பத்தொரு குடும்பங்களின் ரத்தம் எங்களிடம் இருக்கிறது. நம் குடும்பமும் அதில் ஒன்று. எது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் மருத்துவமனை டாக்டரின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அவரை நாங்கள் சாவிக்காரர் என்போம்; என் எண்ணைக்கூட எனக்குச் சொல்லவில்லை. எங்களுக்குக் காகிதத்தில் கட்டமும் வட்டமும்தான். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு அடிப்போம், இல்லாவிட்டால் வெற்றாக விடுவோம்.

ஒரு மரபணுவில் ஒரு சிறு மாற்றம் கண்டுபிடித்திருக்கிறோம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் வாங்கியவர்கள் அத்தனை பேரும் கறுப்பு. ஒரே ஒரு கட்டம் தவிர. பதினேழாம் குடும்பம், மூன்றாம் ஆள். ரத்தம் கொடுத்தபோது வயது அறுபத்தைந்து. இரண்டு பக்கமும் மாற்றம் இருக்கிறது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

புரிகிறதா அண்ணா? அந்த மனிதரிடம் நோயைத் தடுத்து நிறுத்தும் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் மருந்துக்கே வழி பிறக்கும். எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், "மாசில்லாதவர்" என்று. என்னை மாதிரி முகத்திலும் கழுத்திலும் தேசப்படம் வரைந்துகொண்டு திரிகிறவளுக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

உன்,
வாலு


20 ஜனவரி

அன்புள்ள வாலுவுக்கு,

கிழமை மாற்றும் யோசனை நல்லது. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியம்மாவிடம் கேட்டேன், பிப்ரவரி முதல் வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார், சோப்பைப் பற்றி இனி பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு.

உன் சேதியைப் படித்தேன். மகிழ்ச்சி. உன் உற்சாகத்தைக் குலைப்பதாக நினைக்காதே, சில சந்தேகங்கள் கேட்கலாமா? வழக்கமான என் குடைச்சல்தான்.

அந்த எண்ணைச் சரியாகத்தான் எழுதினாயா? பதினேழு, மூன்று? பார்த்து எழுதியதா, நினைவிலிருந்தா?

நோய் இல்லை என்று நீங்கள் தீர்மானித்தது எப்படி? நான் ரத்தம் கொடுத்தபோது ஒரு படிவம் தந்தார்கள். "உடலில் எங்கேனும் வெண்புள்ளி உண்டா, அல்லது முன்பு இருந்ததா" என்று ஒரு கேள்வி. உண்டு, இல்லை என்று இரண்டு பெட்டி. டாக்டர் முகத்தையும் கையையும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் பெட்டியை மாற்றி நிரப்பியிருந்தால்? கவனக்குறைவாக என்று சொல்கிறேன். அல்லது வேறு ஏதாவது காரணத்தால்?

இதெல்லாம் நீ ஏற்கனவே யோசித்திருப்பாய். வயதானவன் கேட்கிறேன் என்று விட்டுவிடு.

அண்ணி நலம். உன் தைராய்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்


28 ஜனவரி

அண்ணா,

மாத்திரையைச் சாப்பிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல். தினமும் என்று சொல்லாதே, பொய்யாகிவிடும்.

எண் சரிதான். பார்த்துத்தான் எழுதினேன். பதினேழு, மூன்று. சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

உன் சந்தேகத்தை இங்கே எல்லாரிடமும் சொன்னேன். ஒருவர்கூட ஏற்கவில்லை. யோசித்துப் பார், பெயரில்லாத படிவம், யார் நிரப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதில் போய் எதற்கு ஒருவர் பொய் சொல்ல வேண்டும்? அதுவும் அறுபத்தைந்து வயதில்? பேரன் பேத்தி எடுத்த வயதில் ஒரு புள்ளியை மறைத்து என்ன சாதிக்கப் போகிறார்? எங்கள் புள்ளியியல்காரர் சொன்னார்: "உங்க அண்ணன் மனுஷங்களைவிடப் பன்றிக் காதோட அதிகம் பழகிட்டார் மேடம்." கோபித்துக்கொள்ளாதே, அன்பாகத்தான் சொன்னார்.

மே மாதம் மாநாடு. முதல் நாள் காலை என் பேச்சு. மாசில்லாதவரைப் பற்றித்தான் முழுக்கப் பேசப் போகிறேன். மற்ற வேலையெல்லாம் நிறுத்தி மூன்று பேரை அவர் ரத்தத்தில் இறக்கிவிட்டிருக்கிறேன். அவர் உடம்புக்குள் ஒரு காவல்காரன் ஒளிந்திருக்கிறான். பிடிக்காமல் விடுவதில்லை.

கிழமை மாற்றினாயா? முடிவை உடனே எழுது.

வாலு


10 பிப்ரவரி

அன்புள்ள வாலுவுக்கு,

கிழமை மாற்றினோம். முகடு என்னோடு செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிட்டது. வியாழனும் வந்தது. சனியும்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய இன்னும் ஒரு சோதனை பாக்கி. அது முடிந்ததும் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் போவதால் என் வேலை போகலாம். அது பெரிதில்லை. ஆனால் உன் மே மாதமும் போய்விடும். அதை நினைத்துத்தான் நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்தேன். இது ஐந்தாவது.

அண்ணன்


16 பிப்ரவரி

அண்ணா,

இது என்ன கடிதம்? காகிதத்திலும் "ம்" போடக் கற்றுக்கொண்டாயா?

உன் வெற்றுக் கலத்துக்கும் என் மாநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அண்ணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "அவரே எழுதுவார்" என்கிறாள். அவள் குரலில் ஏதோ ஒரு நிம்மதி. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? பரிசோதனையில் ஏதாவது வந்ததா? நீ ஆறாவதையும் கிழித்தால் நான் அடுத்த பேருந்தில் வந்து நிற்பேன். எனக்கு மறைக்காதே.

வாலு


24 பிப்ரவரி

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படாதே. நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

கலத்தில் உப்பு நீர் நிரப்பும்போது தோலுக்கு அடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். அதை வெளியேற்ற, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கலத்தைத் தலைகீழாகச் சாய்க்க வேண்டும். குமிழி நழுவி ஓரத்துக்கு வந்துவிடும். கண்ணாடியம்மா இதற்கு ஒரு ரப்பர் மூடி வைத்திருக்கிறார். நான் பழைய ஆள், கட்டைவிரல்தான். கையுறை போட்டிருக்கிறேனே என்று தைரியம். ஆனால் கையுறையைப் பெட்டியிலிருந்து இழுத்து மாட்டும்போது வெறும் விரல்கள்தான் அதன் வெளிப்புறத்தைத் தொடுகின்றன. அந்த விரல்களில் ஒரு களிம்பு இருந்தது. அந்தக் களிம்பைத் துளி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தேன். ஆறு நிமிடம் நாற்பது விநாடி. அதே பதப்பொருள்.

அது என்ன களிம்பு என்று கேட்பாய். தோல் நிறத்தில் இருக்கும், மருந்துக் கடையில் கிடைக்கும். தினமும் காலையில் ஆய்வகத்துக் கழிவறையில் கை கழுவிய பிறகு, வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் பூசிக்கொள்வேன். வெண்புள்ளியை மறைப்பதற்கு.

ஆம், எனக்கும் உண்டு. பதினேழு வயதிலிருந்து.

உனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா உன்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து உன் புள்ளிகளை எண்ணுவாள், நினைவிருக்கும். நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைப்பாள். ஒரு வாரம் பதினொன்று. அடுத்த வாரம் பதின்மூன்று. எண்ணி முடித்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள், அழுவது கேட்காமல் இருக்க. நீ விளையாடப் போய்விடுவாய். எனக்குக் கேட்கும்.

அந்த வருடம்தான் என் கட்டைவிரல் நகத்தடியில் அரிசி அளவில் ஒன்று வந்தது. அம்மாவுக்கு எண்ணுவதற்கு இன்னொன்றைக் கொடுக்க மனம் வரவில்லை. பள்ளிச் சோதனைக்கூடத்தில் பர்மாங்கனேட் கரைசல் இருக்கும், தோலில் பட்டால் பழுப்பாகக் கறை பிடிக்கும். தினமும் ஒரு சொட்டு. வேதியியல் ஆசிரியர் என்னைப் பார்த்து, சோதனையில் இவ்வளவு ஆர்வமுள்ள மாணவன் இல்லை என்று அப்பாவிடம் சொன்னார். நான் இந்தத் துறைக்கு வந்ததே அப்படித்தான். பிறகு களிம்பு வந்தது.

அம்மாவுக்காக மறைத்தேன் என்று ஐம்பத்திரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். முழு உண்மையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பள்ளியில் உன்னை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் என்மேலும் விழக் கூடாது என்றும் நினைத்திருப்பேன். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. அம்மா போன பிறகும் மறைத்தேன் என்பதை வைத்துப் பார்த்தால், இரண்டாவதுதான் கூடுதலாக இருக்கும்.

இதோடு ரத்தம் கொடுத்த அன்று தந்த சீட்டை இணைத்திருக்கிறேன். பதினேழு, மூன்று. உன் முதல் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "இல்லை" பெட்டியில் கோடு போட்டவன் நான்தான். உங்கள் மாசில்லாதவர் இந்தக் கடிதத்தை எழுதுகிறவர். என் ரத்தத்தில் காவல்காரன் யாரும் இல்லை. தேடுகிறவர்களை நிறுத்தச் சொல்.

உன் அண்ணிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் ஆறாவது கடிதத்தையும் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டா மட்டும் விரல் உதிர்ந்துடுமா?" என்றாள்.

நாளை தலைவரிடம் சொல்லப் போகிறேன். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று இதை இன்றே அனுப்புகிறேன்.

அண்ணன்


5 மார்ச்

மதிப்பிற்குரிய பங்கேற்பாளர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய திருத்தமும் எண் சீட்டும் கிடைத்தன. விதிப்படி இரண்டையும் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டோம். தேவைப்பட்டால் அவர் தங்களைத் தொடர்புகொள்வார். ஆய்வுக்குத் தாங்கள் அளித்துவரும் ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
ஆய்வுத் தலைவர்


14 மார்ச்

மதிப்பிற்குரிய ஆய்வுத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் தாங்கள் எழுதியபடியே எழுதுகிறேன்.

எங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு என் மகள் வயது. நான் மேசைமேல் கையை வைத்துக் காட்டியபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்களே சார், உங்க கையை மட்டும் எப்படி விட்டீங்க?" என்றார். வேலையிலிருந்து நீக்குவார் என்று நினைத்து மேசை இழுப்பறையைக் காலி செய்தே வைத்திருந்தேன். அவர் என்னுடைய பதினொரு நாள் அளவுகளையும் நீக்கினார், என்னை நீக்கவில்லை. திரும்ப அளக்கச் சொன்னார். அறிக்கை மே நடுவில் போகும்.

கண்ணாடியம்மா சேதி கேட்டு நேராக என்னிடம் வந்தார். விரலைப் பிடித்து மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுக்கா சார் என் சோப்பை மாத்தினீங்க?" என்றார். ரப்பர் மூடி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

களிம்பு பூசாமல் இதுவரை நான்கு நாள் அளந்திருக்கிறேன். வெற்றுக் கலத்தில் கோடு தரையோடு தரையாகப் போகிறது. மற்றக் கலங்களிலும் அளவு குறைந்திருக்கிறது. குழந்தைகளுக்குப் பயமில்லை என்றே தோன்றுகிறது. இன்னும் ஏழு நாள் அளந்த பிறகுதான் சொல்வேன்.

தாங்கள் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. மே மாதத்துக்காக வருந்துகிறேன். அதைவிட வேறு ஒன்றுக்காகவும் வருந்த வேண்டும் என்று தோன்றுகிறது. அது என்னவென்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
பங்கேற்பாளர்


25 மார்ச்

அண்ணா,

"மதிப்பிற்குரிய ஆய்வுத் தலைவர்" என்று நீ எழுதியதைப் பார்த்து, பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். "தாங்கள்" என்று எழுதினால் உனக்கு உறைக்கும் என்று எழுதினேன். நீயும் பதிலுக்கு "தாங்கள்" என்கிறாய். உன்னோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

வேறு ஒன்று என்னவென்று பிடிபடவில்லை என்றாய். சொல்கிறேன்.

மே மாதம் போனதில் எனக்குக் கோபமில்லை. வெட்கம் உண்டு, மூன்று பேரை இரண்டு மாதம் இல்லாத ஆளைத் தேடவிட்டேன். எண்ணைக் கடிதத்தில் எழுதியது என் தவறு. நீ கேட்ட சந்தேகத்தைக் கேட்காமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. அதெல்லாம் வேலைக் கணக்கு.

ஆனால் ஒன்பது வயதில் நான் ஒவ்வொரு இரவும் என்ன நினைத்துக்கொண்டு படுத்தேன் தெரியுமா? இந்த வீட்டில் எல்லாரும் ஒரு நிறம், நான் மட்டும் இரண்டு நிறம், என்னை எங்கிருந்தோ எடுத்து வந்திருக்கிறார்கள் என்று. சுவருக்கு அந்தப் பக்கம் நீ படுத்திருந்தாய், அதே புள்ளியோடு. ஒரு தட்டு தட்டியிருக்கலாம் அண்ணா.

அம்மாவிடம் சொல்லாதது சரி. அவள் தாங்கியிருக்க மாட்டாள். என்னிடம் மட்டும் விரலைக் காட்டியிருக்கலாம். நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருப்பேன்தான், வாலுதானே. ஆனாலும்.

இதை எழுத இருபது நாள் ஆயிற்று. எழுதி முடித்ததும் பசித்தது. எழுந்துபோய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் மீதியை எழுதுகிறேன்.

இப்போது வேலை. உன் கட்டத்துக்குச் சாவிக்காரர் கறுப்பு அடித்துவிட்டார். பதினேழாம் குடும்பம் மற்ற நாற்பதோடு அழகாகப் பொருந்துகிறது. இரண்டு பக்கமும் மாற்றம் வாங்கியவர்கள் எல்லாரும் கறுப்பு, ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை. புள்ளியியல்காரர் கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, இது முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பன்றிக் காதிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னார். அதிசயம் போய்விட்டது, ஆனால் முடிவு உறுதியாகிவிட்டது. மாநாட்டில் அதைத்தான் பேசப் போகிறேன்.

இன்னொன்று. உன் கதையைக் கேட்டபின் "இல்லை" என்று கோடு போட்டவர்களையெல்லாம் சாவிக்காரர் திரும்பக் கூப்பிட்டு, இருட்டறையில் ஊதா விளக்கின்கீழ் பார்க்கிறார். அந்த வெளிச்சத்தில் புள்ளி இருந்தால் பளிச்சென்று ஒளிரும். இதுவரை பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் உன்னைப் போல. ஒருவர் வருடக்கணக்காகக் காலுறையைக் கழற்றாதவராம். எதற்கு ஒருவர் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேனே, எனக்கு நன்றாக வேண்டும்.

நம் குடும்பத்துக்கு ஏப்ரல் பதினாறு, காலை பத்து மணி. நானும் பார்க்கப்பட வேண்டியவள்தான். மருத்துவமனை நம் இரண்டு பேருக்கும் நடுவழி. வா. கையில் ஒன்றும் பூசாமல் வா.

உன்,
வாலு


19 ஏப்ரல்

அன்புள்ள வாலுவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த பொட்டலத்தை அண்ணியிடம் கொடுத்தேன். இருட்டறையில் என் முதுகில் இன்னொரு புள்ளி, உள்ளங்கை அளவில், கண்டுபிடித்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் தன் கண்ணில் படாமல் ஒன்று இருந்திருக்க முடியாது, சாவிக்காரரின் விளக்கில்தான் கோளாறு என்கிறாள். சட்டையைக் கழற்றச் சொல்லி ஜன்னலருகே வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒப்புக்கொண்டாள், அரைமனதோடு.

வெற்றுக் கலங்கள் பதினொரு நாளும் சுத்தம். தலைவர் அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டார். வேலை விதிகளில் பதினான்காவதாக "கையில் எந்தக் களிம்பும் பூசியிருக்கக் கூடாது" என்று சேர்த்து அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். யாரால் வந்த விதி என்று போடவில்லை. கண்ணாடியம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பரவாயில்லை.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். பேருந்து நிலையம் வரை நீ பேசிக்கொண்டே வந்தாய். இடையில் புகுந்து சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். நான் நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் விட்டேன், எடுத்தேன். கடைசியில் முழங்கால்மேல் வைத்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், மடியில் ஒரு தலைக்கவசம். காத்திருக்கிற இடத்தில் பேசாமல் இருக்க முடியாத ரகம். எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள், டாக்டர் எப்படி என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு, கதவைக் காட்டிக் கேட்டார்.

"உள்ள போனாங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "கேட்டிருக்கவே வேணாம். பாத்தாலே தெரியுது" என்றார்.

நம் இரண்டு பேரையும் பார்த்த மாத்திரத்தில் உடன்பிறந்தவர்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நீ அம்மா சாயல், நான் அப்பா சாயல்; அறிமுகம் செய்துவைத்தால்கூட ஆச்சரியமாகத்தான் பார்ப்பார்கள். அவர் எதை வைத்துச் சொன்னார் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, நீ வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
அண்ணன்